கரண்ட் வந்ததும் மாறும் ஐபி

கேள்வி: பழைய கணினியில் ஓபன்பிஎஸ்டி (OpenBSD) இயங்குதளம் போட்டு வீட்டு ரவுட்டராக வைத்திருக்கிறேன். மழைக்குக் கரண்ட் போய் வந்தால் ஐபி முகவரி மாறுகிறது. பிறகு வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை. ஒவ்வொரு முறையும் பிஎஃப் (அதன் ஃபயர்வால்) விதிகளைத் திருத்த வேண்டுமா அண்ணா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம் தம்பி. நாட் (NAT) விதியில், அதாவது வீட்டு முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் விதியில், ஐபி எண்ணை எழுதியிருப்பீர்கள். அங்கே இணையம் வரும் இடைமுகத்தின் (network interface) பெயரைப் போடுங்கள். அதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், இதுதான் உயிர். குறி இல்லாவிட்டால் விதிகளை ஏற்றிய நேரத்து முகவரியே தங்கிவிடும். இருந்தால் முகவரி மாறும்போதெல்லாம் பிஎஃப் தானே புதியதை எடுத்துக்கொள்ளும். பண்டாரவளையில் என் வீட்டுப் பெட்டியும் இப்படித்தான் ஓடுகிறது.

வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைய, மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வையுங்கள். ஆனால் உங்கள் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது இணைய நிறுவனம் பலருக்குப் பொதுவாக வைத்த நாட் மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது, டிஎன்எஸ் உதவாது. வெளியே சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு (WireGuard) என்ற விபிஎன் இணைப்புப் போடுங்கள்.