விடுதிச் சுவரின் ஈரத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் எங்கள் அறைச் சுவர்களில் ஈரம் ஊறிப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. காப்பாளரிடம் பலமுறை நேரில் முறையிட்டும் பயனில்லை. நிர்வாகத்தைப் பொறுப்பேற்க வைக்க என்ன வழி?

பதில்: வாய்மொழி முறையீடு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சான்று இல்லாதவரை, ‘எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்று நிர்வாகம் விலகிக்கொள்ள இடமிருக்கிறது. இன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். சுவரை ஒரே இடத்தில் நின்று வாரந்தோறும் படமெடுத்து வந்தால், கறை பரவும் வேகமே சாட்சி சொல்லும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரின் குறிப்பையும் இணைக்க வேண்டும். ஏனெனில், ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் வசிப்போரிடையே ஆஸ்துமாவும் மூச்சுக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே கூறியிருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

பூஞ்சையின் மேல் வண்ணம் பூசிவிட்டு வேலை முடிந்தது என்றால் ஏற்காதீர்கள். கசியும் குழாயோ, விரிசல் விட்ட கூரையோ, காற்றோட்டக் குறைவோ, ஈரத்தின் காரணம் எதுவென்று கண்டு சரிசெய்யாதவரை அது திரும்ப வரும். பழுதுபார்க்கும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

ஒரே தளத்து மாணவர்கள் கூட்டாகக் கையொப்பமிட்ட மனுவைத் தனிப்பட்ட குறை என்று ஒதுக்குவது கடினம். பழிவாங்கலுக்கு அஞ்சுவோருக்கும் அதுவே காப்பு. தேதி கடந்தால், அதே கோப்புடன் பதிவாளரிடமும் மாணவர் பேரவையிடமும், பின்னர் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவிடமும் செல்லுங்கள். கட்டணத்தை நிறுத்திவைக்கும் எண்ணம் இருந்தால், விடுதி ஒப்பந்தத்தை முதலில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.