பழைய சைக்கிளுக்கு ஏற்ற பழைய பாட்டில் கேஜ்: கேள்வி பதில்

பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளை மீட்டெடுப்பவர்கள் ஃப்ரேம், கியர், சக்கரம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வந்து நிற்கும் இடம் பாட்டில் கேஜ், அதாவது தண்ணீர் பாட்டிலை ஃப்ரேமில் பிடித்துவைக்கும் கூடு. சின்னப் பொருள்தான், ஆனால் தவறான கேஜ் மாட்டினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். பல வருடமாக இதைத் தேடி, வாங்கி, நிமிர்த்தி, துரு எடுத்து வருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என்னுடையது 1970களின் தொடக்கத்தில் வந்த சைக்கிள். டவுன் டியூபில் (ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாய்) கேஜ் மாட்டத் திருகு ஓட்டையே இல்லை. ஓட்டை போட்டு ரிவெட் நட் (ஓட்டைக்குள் அழுத்திப் பதிக்கும், புரியுள்ள நட்) வைத்துத் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து அந்த ஃப்ரேமில் ட்ரில் படவிடாதீர்கள். நல்ல ஸ்டீல் ஃப்ரேம்களின் குழாய் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது, இரண்டு முனையிலும் கொஞ்சம் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். உதாரணத்துக்கு இத்தாலிய நிறுவனமான கொலம்பஸின் எஸ்.எல். குழாய் முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் வெறும் 0.6. கேஜ் உட்காருவது அந்த மெல்லிய நடுப்பகுதியில்தான். அங்கே ஓட்டை போட்டால் விரிசல் தொடங்க ஓர் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, ஓட்டை இல்லாதது உங்கள் சைக்கிளின் குறையே இல்லை, அந்தக் காலத்து வழக்கமே அதுதான். பட்டை கிளாம்பு போட்டு மாட்டும் கேஜ்தான் அதற்குச் சரியானது. அதைத் தேடுங்கள், கிடைக்கும்.

கேள்வி: எந்தக் காலத்துச் சைக்கிளுக்கு எந்த மாதிரி கேஜ் என்று எப்படி முடிவு செய்வது?

தோராயமாக இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் 1950களின் தொடக்கம் வரையும் பந்தயக்காரர்களின் பாட்டில் ஹேண்டில்பாரில் இருந்தது, பெரும்பாலும் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். பாட்டில் அலுமினியம், வாயில் கார்க். 50களில் பாட்டில் மெல்ல டவுன் டியூபுக்கு இறங்கியது, பிளாஸ்டிக் பாட்டிலும் அந்தச் சமயத்தில்தான் பரவியது. 60கள், 70கள் முழுக்க டவுன் டியூபில் ஒரே ஒரு கேஜ், கிளாம்பு போட்டது. 70களின் கடைசியில் ஃப்ரேமிலேயே திருகு ஓட்டை வைத்துக் கொடுப்பது வழக்கமானது. சீட் டியூபில் (சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாய்) இரண்டாவது கேஜுக்கும் ஓட்டை இருந்தால் அநேகமாக 80களின் சைக்கிள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்கு உண்டு. ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் மாதிரி பிரெஞ்சுக்காரர்கள் நீண்ட பயணத்துக்கென்றே கையால் செய்த சைக்கிள்களில் கேஜுக்கான இடத்தை ரொம்ப முன்னாலேயே ஃப்ரேமில் பற்றவைத்துவிட்டார்கள். அதனால் ஓட்டையைப் பார்த்ததும் 'இது புது ஃப்ரேம்' என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: கிளாம்பு அளவு எப்படிப் பார்ப்பது? ஒரு கேஜ் வாங்கினேன், பட்டை முழுக்க இறுக்கியும் சுற்றுகிறது.

முதலில் வெர்னியர் அளவுகோல் வைத்துக் குழாயை அளங்கள். ஆங்கில, இத்தாலிய அளவில் வந்த பழைய ஸ்டீல் ஃப்ரேம்களில் டவுன் டியூப் 28.6 மில்லிமீட்டர். பழைய பிரெஞ்சு ஃப்ரேம் என்றால் 28. பாதி மில்லிமீட்டர் கொஞ்சம்தான் கூட, ஆனால் பட்டை கிளாம்புக்கு அது நிறைய. 28.6க்குச் செய்த பட்டையை 28இல் மாட்டினால் இரண்டு காதும் (போல்ட் நுழையும் முனைகள்) ஒன்றை ஒன்று தொட்டுவிடும், அதற்குமேல் இறுகாது. உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

சரிசெய்வது சுலபம். குழாயைச் சுற்றிப் பருத்தி ஹேண்டில் டேப் ஒரு சுற்று சுற்றிவிட்டு மேலே பட்டையை இறுக்குங்கள். காதுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும். அப்போதுதான் பிடிப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டும்போது கியர் கேபிளையும் பாருங்கள். லீவர் டவுன் டியூபில் இருக்கும் சைக்கிளில் கேபிள் குழாயை ஒட்டியே ஓடும், கிளாம்பு போல்ட் அதில் உரசினால் கியர் ஒழுங்காக விழாது.

கேள்வி: அண்ணா, எங்கே தேடுவது? 'விண்டேஜ் பாட்டில் கேஜ்' என்று போட்டால் வருவதெல்லாம் யானை விலை.

அந்த வார்த்தையை எழுதத் தெரிந்த விற்பனையாளருக்கு விலையும் தெரியும் தம்பி. தெரியாதவர் என்ன பெயரில் போட்டிருப்பார் என்று யோசித்துத் தேடுங்கள். 'பழைய சைக்கிள் பாகங்கள்', 'பெட்டியோடு', 'பாட்டில் ஸ்டாண்டு' இப்படியெல்லாம் போட்டிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெடல், பிரேக் எல்லாம் குவித்து எடுத்த படத்தின் மூலையில் ஒரு குரோம் கம்பி வளைவு தெரியும். எனக்குக் கிடைத்ததில் பாதி அப்படி வந்தவைதான்.

அப்புறம், அந்தந்த மொழியில் தேடுங்கள். இந்தப் பொருள் அதிகம் புழங்கியது ஐரோப்பாவில், அங்கே வீட்டுப் பரணைக் காலிசெய்பவர் ஆங்கிலத்தில் விளம்பரம் எழுத மாட்டார். பிரெஞ்சில் போர்த்-பிதோன், இத்தாலியனில் போர்த்தாபொர்ராச்சா, ஜெர்மனில் ஃப்ளாஷன்ஹால்ட்டர், டச்சில் பிடோன்ஹௌடர். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அவர்கள் எழுத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃப்ரேம் வளைந்துபோன, யாரும் சீண்டாத முழுச் சைக்கிள் ஏதாவது விற்பனைக்கு வந்தால் விடாதீர்கள். கேஜ், பெடல், போல்ட், பம்ப் எல்லாம் ஒரே காலத்துப் பொருளாக மொத்தமாகக் கிடைக்கும். பழைய ரிப்பேர் கடைகளில் விற்காமல் கிடக்கும் சரக்கும் அப்படித்தான். ஆனால் கடைக்காரரிடம் வெறுமனே 'இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: 1972 சைக்கிளுக்கு டி.ஏ. கேஜ்தான் போட வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்ய முடியவில்லை.

டி.ஏ. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. பிரெஞ்சு நிறுவனம், ஸ்டீல் கம்பியை வளைத்துக் குரோம் பூசிச் செய்தது, அந்தக் காலத்தில் மற்றவர்கள் பார்த்துச் செய்யும் அளவுக்கு அதன் வடிவம் இருந்தது. ஆனால் உங்கள் சைக்கிள் தொழிற்சாலையை விட்டு வரும்போது பெரும்பாலும் கேஜே இல்லாமல்தான் வந்திருக்கும், வாங்கியவர் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார். பெயரே இல்லாத குரோம் ஸ்டீல் கேஜ் ஒன்று, அதே காலத்தது, கிளாம்பு போட்டது, உங்கள் சைக்கிளில் முழுக்கச் சரியாக இருக்கும். பெரிய பெயருள்ள 80களின் அலுமினியக் கேஜை அதில் மாட்டினால்தான் பொருந்தாது. பெயரைத் துரத்தாதீர்கள், காலத்தைப் பிடியுங்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

கேள்வி: வாங்குவதற்கு முன் விற்பவரிடம் என்ன படம் கேட்க வேண்டும்?

நான்கு. கிளாம்பின் உள்பக்கம், கம்பிகள் சேரும் மூட்டுகள், பாட்டிலின் அடி உட்காரும் இடம், பக்கவாட்டில் நேராக ஒன்று. கிளாம்பின் உள்பக்கத்தில்தான் துரு ஒளிந்திருக்கும், ஈரம் தங்கும் இடம் அது. மூட்டில் தலைமுடி மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் அழுக்கா விரிசலா என்று துணியால் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டீலில் விரிசல் என்றால் பித்தளை வைத்துப் பற்றவைத்துவிடலாம், பற்றவைத்த இடத்தில் குரோம் போய்விடும், அவ்வளவுதான். அலுமினியத்தில் விரிசல் என்றால் விட்டுவிடுங்கள்.

பக்கவாட்டுப் படம் கேட்பது, நெளிவு தெரிவதற்காக. கூடவே கிளாம்பு போல்டும் நட்டும் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு. மறுபடி முலாம் பூசிவிடவா?

முதலில் இதைச் செய்து பாருங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மென்மையானது, கீறாது. கொஞ்ச நேரத்தில் பழுப்புக் குழம்பு ஒன்று சேரும், துடைத்தால் கீழே பளபளப்பு தெரியும். புள்ளிகள் முழுக்க மறையாது, குரோம் உரிந்த இடம் உரிந்ததுதான். ஆனால் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. துரு ஆழமாக இருந்தால் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்கலாம். மறந்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள், அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். முடிந்ததும் கழுவி, உடனே காயவைத்து, மெழுகு பூசுங்கள்.

கழிவறை கழுவும் அமிலம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோமையே தின்றுவிடும். முழுக்கக் குரோம் போய்விட்ட கேஜுக்குத்தான் முலாம் பூசும் யோசனை, அதையும் பட்டறையில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: பழைய கேஜில் இப்போதைய பாட்டில் நுழையவே மாட்டேன் என்கிறது.

இப்போதைய பாட்டில் ஏறத்தாழ 73, 74 மில்லிமீட்டர் விட்டம். ஸ்டீல் கம்பிக் கேஜ் என்றால் பயப்படாமல் விரிக்கலாம். ஒரே இழுப்பில் செய்யாதீர்கள், இரண்டு கையாலும் பிடித்துச் சின்னச் சின்னதாக, ஒவ்வொரு தடவையும் பாட்டிலை வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். பாட்டில் உட்காரும்போது ஒரு சின்னத் தடை, அப்புறம் பொத்தென்று உள்ளே போக வேண்டும். அதுதான் அளவு. வளைவின் வெளிப்பக்கம் குரோமில் மெல்லிய கோடு விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அலுமினியம் அப்படி இல்லை. ஒரு தடவை வளைந்து கொடுக்கும், இரண்டாவது தடவையும் கொடுக்கும், மூன்றாவதில் மூட்டில் டக்கென்று போய்விடும். நான் அப்படி ஒன்றை உடைத்திருக்கிறேன், இன்னும் வருத்தம்தான். அலுமினியக் கேஜுக்குப் பொருந்தும் பாட்டிலைத் தேடுங்கள், கேஜை மாற்றாதீர்கள்.

கேள்வி: அலுமினியக் கேஜ் பாட்டிலில் கறுப்பாகக் கோடு போடுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?

இல்லை. அலுமினியமும் அதன் மேல் படிந்த ஆக்சைடும் உரசி ஒட்டுவது. கேஜை மெழுகால் துடைத்தால் குறையும், முழுக்க நிற்காது.

கேள்வி: திருகு ஓட்டை உள்ள 1984 ஃப்ரேம். என்ன போல்ட், எவ்வளவு இறுக்க வேண்டும்?

எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட், புரியிடை (ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 0.8 மில்லிமீட்டர். நீளம் 12 இலிருந்து 15 மில்லிமீட்டர் போதும். இரண்டு ஓட்டையின் மையத்துக்கு மையம் 64 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அதுதான் பின்னால் நிலைத்த அளவு, ஆனால் பழைய ஃப்ரேம் சிலவற்றில் வேறு அளவும் உண்டு. இரண்டு, மூன்று நியூட்டன் மீட்டருக்குமேல் இறுக்க வேண்டாம். புரியில் கட்டாயம் கிரீஸ் தடவுங்கள். காலியாக இருக்கும் ஓட்டையையும் போல்ட் போட்டு மூடிவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கிக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும்.

கேள்வி: பழைய பாணியில் இப்போது செய்யும் புதுக் கேஜ் போட்டால் தப்பா? எரோய்க்கா மாதிரி, பழைய சைக்கிள்களை ஓட்டும் நிகழ்ச்சியில் விடுவார்களா?

தப்பே இல்லை. ஜப்பானின் நிட்டோ, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து கிங் கேஜ் இரண்டும் கம்பி வளைத்துச் செய்யும் ஸ்டெயின்லெஸ் கேஜ்கள், துருவே பிடிக்காது, பழைய ஃப்ரேமில் கண்ணை உறுத்தாது. தினமும் ஓட்டும் சைக்கிள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எரோய்க்கா இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997இல் தொடங்கியது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது, 1987 வரையிலான ரோடு சைக்கிளா, கியர் லீவர் டவுன் டியூபில் இருக்கிறதா, பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து போகிறதா, பெடலில் டோ கிளிப் (காலின் முன்பகுதியைப் பிடிக்கும் வளையம்) இருக்கிறதா என்பதை. கேஜ் அந்தக் காலத்துத் தோற்றத்தில் இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன், போகும் வருடத்தின் விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கேள்வி: கேஜோடு பழைய பிளாஸ்டிக் பாட்டிலும் வந்தது. அதில் தண்ணீர் குடிக்கலாமா?

காட்சிக்கு வையுங்கள், குடிக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வெடிப்பு விட்டிருக்கும், உள்ளே என்ன ஊற்றிவைத்தார்கள் என்றும் தெரியாது.

கேள்வி: அப்பாவின் சைக்கிளை மீட்டெடுக்கிறேன். அதில் இருக்கும் கேஜ் ஒரு பக்கம் நெளிந்து, குரோம் பாதி போய்விட்டது. அதே மாதிரி நல்லதாக ஒன்று தேடிக் கொடுக்க முடியுமா?

தேடினால் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் அந்தக் கேஜைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கம்பியின் உள்பக்கம் இரண்டு இடத்தில் குரோம் வழவழவென்று தேய்ந்து அடிஸ்டீல் தெரியும். அது துரு தின்ற இடம் இல்லை, பாட்டிலை எடுத்து எடுத்து வைத்த இடம். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அப்பா எந்தக் கையால் எடுத்தார் என்பதுகூடத் தெரியலாம். புதிதாகக் கிடைக்கும் எந்தக் கேஜிலும் அது இருக்காது.

நானாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வேன். நெளிவை, பாட்டில் அளவுள்ள ஒரு மர உருளையைக் கேஜுக்குள் வைத்து, வெளியிலிருந்து ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி நிமிர்த்துங்கள். துருவை மட்டும் எடுங்கள், தேய்ந்த இடத்தில் கை வைக்காமல் மெழுகு பூசிவிடுங்கள். மாட்டியதும் ஒரு படம் அனுப்புங்கள், பாட்டில் இல்லாமல், கிளாம்பு தெரிகிற மாதிரி. போல்ட் மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.