இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு எந்த பிரேம்? பினாங்கு வீடுகளுக்கான கேள்வி பதில்

என் பட்டறையில் அலுமினியமும் அறுக்கிறோம், யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கையும் ஒட்டுகிறோம். அதனால் எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வந்த கேள்விகளில் சில இங்கே.

பாயான் லெப்பாஸ் வாசகி: அண்ணா, மேற்குப் பக்க அறை, மதியத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அலுமினியம் சூட்டைக் கடத்தும், யூபிவிசிதான் போடணும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

கடத்துவது உண்மைதான், யூபிவிசியை விடச் சுமார் ஆயிரம் மடங்கு. ஆனால் அது குளிர்நாட்டுக் கவலை. அங்கே குளிர்காலத்தில் வெளியே பூஜ்யம், உள்ளே 20 டிகிரி. நமக்கு வெளியே 33, ஏர்கோன் அறையில் 24. வித்தியாசமே 9 தான். உங்கள் அறையைச் சுட வைப்பது கண்ணாடி வழியாக நேரே இறங்கும் வெயில். பிரேமுக்கு ஒதுக்கிய கூடுதல் பணத்தை வெயில் தடுக்கும் மெல்லிய பூச்சு போட்ட லோ-ஈ கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். பூச்சு வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும். கடையில் எஸ்எச்ஜிசி எண்ணைக் கேளுங்கள்; கண்ணாடியில் படும் வெயில் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்று சொல்லும் எண் அது. சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு அது 0.7 அளவில் இருக்கும், உங்களுக்கு 0.3 பக்கம் வேண்டும். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

அதே வாசகி: அப்போ தெர்மல் பிரேக் அலுமினியம் தேவையில்லையா?

உள் அலுமினியத்துக்கும் வெளி அலுமினியத்துக்கும் நடுவே சூட்டை எளிதில் கடத்தாத பாலியமைடு பிளாஸ்டிக் பட்டை வைத்த பிரேம் அது. ராத்திரி முழுக்க ஏர்கோனை 18-இல் ஓட்டுகிறவர்களுக்கு உபயோகம், இல்லாவிட்டால் பிரேமின் வெளிப்பக்கம் வியர்த்து ஒழுகும். மற்றவர்களுக்கு வீண் செலவு என்றே சொல்வேன்.

தஞ்சோங் தோக்கோங் வாசகர்: தம்பி, கடலைப் பார்த்த கொண்டோ, உயரமான மாடி. பழைய ஜன்னலில் கீல் எல்லாம் துருப்பிடித்துவிட்டது. உப்புக்காற்றுக்கு யூபிவிசிதானே நல்லது?

ஐயா, பாதி சரி. யூபிவிசியை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் அது வளையும் பொருள் என்பதால் உள்ளே இரும்புக் குழாய் செருகியிருப்பார்கள். அந்த இரும்பு, திருகாணி, கீல் மூன்றையும் உப்பு விடாது. உயர்மாடியில் காற்றின் வேகமும் அதிகம்; அகலமான திறப்புக்கு வெறும் யூபிவிசி தாங்காது, இரும்பு இல்லாமல் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெயிலில் அது நீளவும் செய்யும்: 30 டிகிரி சூடேறினால் 2 மீட்டர் சட்டம் 4 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் ஒன்றரைகூட நீளாது. கறுப்பு நிற யூபிவிசியை மேற்குப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள்.

உங்கள் பால்கனிக் கதவு பெரியது என்றால் பவுடர் கோட்டிங் (தூள் பெயிண்டைச் சூட்டில் உருக்கிப் படியவைத்தது) போட்ட அலுமினியமே என் தேர்வு. கோட்டிங் போட்ட பிறகு அறுத்த முனையிலும் துளையிட்ட இடத்திலும்தான் உப்பு நுழையும்; பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடாக வரும். அந்த முனைகளை அடைக்கச் சொல்லுங்கள். திருகாணியும் கீலும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்; 304 கடலோரத்தில் கறை பிடிக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைப்பது எந்தக் கோட்டிங்கையும் விடப் பெரிய காவல். அப்புறம், வெளித்தோற்றம் மாறுமென்றால் கொண்டோ நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் ஆளைக் கூப்பிடாதீர்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: நெடுஞ்சாலை லோரிச் சத்தம். எந்த பிரேம் சத்தத்தை நிறுத்தும்?

பிரேம் எதுவானாலும் இடுக்கு இருந்தால் சத்தம் வரும். தள்ளும் ஜன்னலை மறந்துவிடுங்கள். கதவு போலத் திறந்து, மூடும்போது ரப்பரை நாலாபுறமும் அழுத்தும் வகையை எடுங்கள். இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக இல்லாமல் 6, 8 என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

ஜோர்ஜ்டவுன் வாசகி: தாத்தா காலத்துக் கடைவீடு, மர ஜன்னல். அதிலேயே இரட்டைக் கண்ணாடி பொருத்தலாமா?

வேண்டாம், அக்கா. 6 மில்லிமீட்டரில் இரண்டு கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. பழைய கீல் தாங்காது. வீடு 2008-இல் யுனெஸ்கோ அறிவித்த பாரம்பரிய எல்லைக்குள் இருந்தால் மாநகர் மன்றத்தைக் கேட்காமல் முகப்பில் கை வைக்கவும் முடியாது. மரத்தை அப்படியே விட்டு, உள்பக்கம் தனியாக ஒரு மெல்லிய அலுமினிய ஜன்னல் வையுங்கள். புதிதாக மரமே வேண்டுமென்றால் செங்கால் என்ற கடின மரம். லேசான மெராந்தி கறையானுக்கு விருந்து.

ஆயர் ஈத்தாம் வாசகர்: காலையில் கண்ணாடி பனி படர்ந்து இருக்கிறது. கெட்டுப்போச்சா?

வெளிப்பக்கம் என்றால் பயமில்லை. ஏர்கோன் குளிர்ச்சியில் ஈரக்காற்று படிகிறது, வெயில் வந்ததும் போய்விடும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே என்றால் ஓர ஒட்டு விட்டுப்போயிற்று, அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான். பல இடங்களில் இதற்குக் காரணம் பிரேமின் அடியில் தண்ணீர் தேங்குவது. வடிகால் துளையை சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டுப் போகிறார்கள். ஜன்னல் பொருத்தும் நாளில் ஒரு குவளைத் தண்ணீரைக் கீழ்ச்சட்டத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடியாவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.