பில்லர் பாக்ஸும் பம்ப் ஹவுஸும் – கடிதம்

அன்புள்ள சார்,

புயல், வெள்ளம் வந்தால் கரண்டு, தண்ணீர், ரோடு, போன் எல்லாம் ஒன்றையொன்று எப்படி இழுத்துக்கொண்டு படுக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் முதலில் கரண்டு போனது, அப்புறம் தண்ணீர், அப்புறம் சிக்னல். இப்படித்தான் ஆகும் என்று தெருப் பெண்கள் முதல் நாளே குடத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல எதற்குக் கம்ப்யூட்டர்? கடைசி வருடம் சிவில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகள் வேறு இதையே ப்ராஜெக்டாக எடுக்கட்டுமா என்று கேட்கிறாள்.

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

குடம் பிடித்து வைத்தவர்கள் சொன்ன வரிசை சரிதான், கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் எந்த சிமுலேஷனும் அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று போனபின் அடுத்தது எத்தனை மணி நேரம் தாங்கும், நடுவில் எங்கே கை வைத்தால் மீதி தப்பும் என்ற கணக்கு தெருவில் நின்று பார்ப்பவருக்குக் கிடைக்காது. ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கும் கிடைக்காது, ஏனென்றால் எந்தப் பகுதிக்கு எந்த மின்லைன் போகிறது என்ற ஃபீடர் விவரம் ஈபியிடம், பம்ப் விவரம் மெட்ரோ வாட்டரிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம் என்று தனித்தனியாகக் கிடக்கிறது.

உங்கள் தெரு முனையில் ஒரு பில்லர் பாக்ஸ் இருக்கும், கதவு துருப்பிடித்து, மேலே டியூஷன் நோட்டீஸ் ஒட்டி. கேபிள் தரைக்கடியில் போகிற இடங்களில் டிரான்ஸ்பார்மர் கரண்டு அந்தப் பெட்டியில் பிரிந்துதான் வீடுகளுக்குப் போகிறது. தண்ணீர் அதற்குள் ஏறும் நிலை வந்தால் ஈபி ஆட்கள் லைனை ஆஃப் செய்துவிடுவார்கள், செய்யாவிட்டால் தெருவில் நடக்கிறவர் உயிர் போய்விடும். அதாவது மின்நிலையம் ஓடிக்கொண்டிருக்கும், சப்ஸ்டேஷன் நன்றாக இருக்கும், ஆனாலும் முழங்கால் தண்ணீருக்காக ஒரு பகுதியே இருட்டாகும். அந்தத் தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டாரும் அதே ஃபீடரில் இருந்தால்? தண்ணீர் வடியாததால் கரண்டு வராது, கரண்டு வராததால் தண்ணீர் வடியாது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதில் எட்டு மணி நேர டீசல் இருக்கிறது, டீசல் வண்டி வருகிற சுரங்கப்பாதை பன்னிரண்டு மணி நேரம் முங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கிற நான்கு மணி நேரத்தில்தான் கழிவுநீர் பின்னால் தள்ளி வீட்டுக்குள் ஏறுகிறது.

இந்த மாதிரி மணிக்கணக்கை ஆயிரக்கணக்கான முறை, மழை அளவையும் அது பெய்யும் இடத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலை. ஒவ்வொரு பம்புக்கும் டவருக்கும் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறினால் அது நின்றுபோகும், டீசல் கையிருப்பு எவ்வளவு, சரி செய்ய எத்தனை ஆள் என்று கொடுக்க வேண்டும். ஓட்டினால் எதை முதலில் சரி செய்வது என்று தெரியும். சில சமயம் பெரிய சப்ஸ்டேஷனைவிட ஒரு டீசல் வண்டி போகும் வழி முக்கியம் என்று வரும்.

2003 செப்டம்பர் 28 அன்று கிட்டத்தட்ட இத்தாலி முழுவதும் இருண்டது. அதை உதாரணமாக வைத்து 2010இல் புல்டிரெவ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். மின்நிலையம் நின்றால் அதை நம்பியிருக்கும் தகவல் தொடர்பு நிற்கும், அது நின்றதால் இன்னும் சில மின்நிலையங்கள் கட்டுப்பாடு இழக்கும். இப்படி ஒன்றையொன்று நம்பி நிற்கும் இரண்டு வலைகள் ஓர் எல்லை வரை சும்மா இருப்பது போல் இருந்து, தாண்டியதும் மொத்தமாக விழுந்துவிடும் என்பது அவர்கள் கண்டது. அழகான கணக்கு, ஆனால் அதில் டீசலும் இல்லை, லைன்மேனும் இல்லை.

வடசென்னைக்கு இன்னொரு தலைவலி உண்டு. 2001இல் ரினால்டி, பீரன்பூம், கெல்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும், ஒன்று இன்னொன்றை நம்பி நிற்கும் இந்தச் சார்புகளை நான்காகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல், பக்கத்தில் இருப்பதாலேயே சேர்ந்து அடிவாங்குவது. அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் குடிநீர் ஆலை, எல்லாம் எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றியே. புழல் உபரிநீரும் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேர்வதும் அங்கேதான். ஊர் முழுக்க அனுபவிக்கிறது, பள்ளத்தில் இருப்பது நாம். 2023இல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்துக்கு வந்து மீனவர்களின் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியதே, அந்தச் சேதத்தை மின்வாரியக் கணக்கிலோ குடிநீர்க் கணக்கிலோ தேடினால் கிடைக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்தம் செய்து மணலி பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 4.5 கோடி லிட்டர். நம் வீட்டுக் கழிவுநீரை ஏற்றும் பம்ப் படுத்தால் அங்கே தண்ணீர் குறையும். 2016 வர்தா புயல் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். பண மதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் ரொக்கம் இல்லை, கார்டு தேய்க்கலாம் என்றால் கரண்டும் நெட்டும் இல்லை. புயலை மட்டும் வைத்து ஓட்டினால் இது வராது.

மகள் தாராளமாக எடுக்கட்டும். தண்ணீர் எங்கே எவ்வளவு நிற்கும் என்று சொல்ல சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது, பள்ளிக்கரணை கடலோர ஆராய்ச்சி மையத்தோடு ஐஐடிகளும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. அவள் அதற்கு அடுத்த கேள்விக்குப் போகலாம். ஆனால் ஃபீடர் வரைபடம் கேட்டு ஈபி ஆபீஸ் படி ஏற வேண்டாம். கொடுக்க மாட்டார்கள், கொடுக்காததில் நியாயமும் இருக்கிறது, எதை அடித்தால் ஊர் படுக்கும் என்ற பட்டியல் அது. கணேசபுரம் சுரங்கப்பாதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மோட்டார் எதில் ஓடுகிறது, டீசல் எங்கிருந்து வருகிறது, இறைக்கிற தண்ணீர் போய்ச் சேரும் கால்வாய் ததும்பினால் என்ன செய்கிறார்கள், பாதை மூடினால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மோட்டார் போடுகிறவரிடம் மழை இல்லாத நாளில் போய்க் கேட்டால் நின்று பேசுவார். டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.