கோன் விழுந்தால் இரண்டு விநாடி

வாகனப் பிரியர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 36 வயது. டாலஸில் ஐ.டி. வேலை. போன மாதம் 1992 மாடல் மாஸ்டா மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்த பையன் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு) போட்டு வண்டியை நன்றாகத் தாழ்த்தியிருக்கிறான். எட்டு அங்குல அகலச் சக்கரம், சத்தமான எக்ஸாஸ்ட், தனி ஏர் ஃபில்டர் எல்லாம் இருக்கின்றன. ஆட்டோகிராஸ் ஓட்ட ஆசை. கையில் 3,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். இன்னும் என்னென்ன மாற்றினால் வண்டி போட்டிக்குத் தயாராகும்?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: ஒன்றும் மாற்ற வேண்டாம் தம்பி. அந்த 3,000 டாலர் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.

விஷயம் தெரியாத மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்க ஆட்டோகிராஸ் என்பது பெரிய கார் நிறுத்தும் திடலிலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை அடுக்கிப் பாதை போட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கும் விளையாட்டு. பக்கத்தில் முந்துகிறவர் யாரும் இல்லை. போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட வராது. ஒரு கோனைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டம். பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. பெரும்பாலான ஊர்களில் இதை நடத்துவது எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) என்ற அமைப்பின் கிளைகள். 1944-ல் தொடங்கிய சங்கம் அது. இந்த விளையாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சோலோ’.

இப்போது உங்கள் கேள்வி. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வளர்ந்தவன். ஒஹாயோவுக்கு வந்து பல வருடம் கழித்து 1994 மியாட்டா வாங்கினேன். முதல் போட்டிக்கு முன்னாலேயே காயில்ஓவர், எக்ஸாஸ்ட் என்று 2,400 டாலரை அதில் கொட்டினேன். போட்டியன்று காலை பதிவு மேஜையில் ஒரு பெரியவர், “வண்டியில் என்ன மாற்றியிருக்கிறாய்?” என்று கேட்டார். நான் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வகுப்புப் பட்டியலில் அவருடைய பேனா கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் நின்ற இடத்தில் என்னோடு இருந்தவர்கள் பதினைந்து வருடமாக அதே வண்டியைச் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள். நாலு பேரில் நாலாவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவருக்கும் எனக்கும் ஆறு விநாடி வித்தியாசம். இந்த விளையாட்டில் ஆறு விநாடி என்றால் ஒரு யுகம்.

இதுதான் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. வண்டிகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்படுகின்றன. அதிகம் மாறாத வண்டிகளுக்கு ‘ஸ்ட்ரீட்’. அதில் ஷாக்கை மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. ஸ்பிரிங், காயில்ஓவர் என்று போனால் ‘ஸ்ட்ரீட் டூரிங்’. அங்கேயும் சக்கர அகலத்துக்கும் டயர் அகலத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு வண்டியில் உள்ள ஒன்பது மாற்றங்களில் எட்டு சாதாரணமாக இருந்து ஒன்று மட்டும் வரம்பை மீறினாலும், அந்த ஒன்றுதான் வகுப்பைத் தீர்மானிக்கும். அரை அங்குல அகலம் கூடிய சக்கரம் உங்களைக் கொண்டுபோய் அசுரர்கள் நடுவே உட்கார வைத்துவிடும். வருடா வருடம் விதி கொஞ்சம் மாறும். அதனால் இந்த வருட விதிப் புத்தகத்தை எடுத்து, உங்கள் வண்டியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு இரவு உட்காருங்கள். ஆனால் முதல் வருடத்துக்கு இந்தக் கவலையும் வேண்டாம். பல கிளைகளில் புதியவர்களுக்கென்றே ‘நாவிஸ்’ வகுப்பு இருக்கிறது. அதில் பதிவு செய்யுங்கள். வண்டிக்கு வண்டி உள்ள வித்தியாசத்தை ஒரு பெருக்கல் எண்ணால் சரிக்கட்டி வரிசைப்படுத்துவார்கள்.

தாழ்த்திய வண்டி பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மியாட்டாவின் சஸ்பென்ஷன் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம். ரொம்ப இறக்கிவிட்டால், திருப்பத்தில் சாயும்போது ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர்க் கட்டையில் போய் முட்டி நிற்கும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்தில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாத மாதிரி ஆகி, பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். விமான ஓடுதளக் கான்கிரீட்டின் இணைப்புகளில் வண்டி தவளை மாதிரி குதிக்கும். நான் ஒரு வருடம் முழுக்க “டயர் சரியில்லை” என்று திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் காயில்ஓவரை ஒரு அங்குலம் மேலே ஏற்றினேன். ஒரு சென்ட் செலவில்லை, ஒரு விநாடிக்கு மேல் மிச்சம். உங்கள் வண்டியிலும் முதல் வேலை அதுதான்.

இரண்டாவது, டயர். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டை புதுசு போல இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதில்தான். பத்து வயதுக்கு நெருங்கியிருந்தால் அந்த 3,000-ல் முதல் செலவு இது. ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங் வகுப்புகளில் 200-க்குக் குறையாத டிரெட்வேர் எண் (ரப்பர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) உள்ள டயர்தான் செல்லும். அதில் நல்லதாக ஒரு செட் போட்டால் போதும்.

மூன்றாவது, முப்பது வயதைத் தாண்டிய வண்டியின் உடம்பு. மியாட்டாவில் பேட்டரி இருப்பது டிக்கியில். அதை இறுக்கிப் பிடிக்கும் கம்பி இருக்கிறதா பாருங்கள். பலர் வேறு பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டுக் கம்பியை மறந்துவிடுவார்கள், போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகியிருந்தால் அது வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டொக்’ என்றால் பேரிங். கிளட்ச் பெடல் ஒருநாள் தரையோடு ஒட்டிக்கொண்டால் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கிளட்சை இயக்கும் சின்ன உருளை. இந்தக் காரில் அது அடிக்கடி போகிற சாமான், மலிவுதான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று காகிதம் இல்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே உள்ள தகரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் வரும். 1990, 91 வண்டிகளில் சிலவற்றுக்கு கிராங்க்‌ஷாஃப்ட் (எஞ்சினின் சுழல்தண்டு) மூக்கில் ஒரு பலவீனம் உண்டு. உங்களது 92 என்பதால் பெரும்பாலும் தப்பித்தீர்கள்.

எக்ஸாஸ்ட் சத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல திடல்களில் சத்தத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் புகார் செய்தால் திடலே கையைவிட்டுப் போய்விடும் என்பதால் இதில் இரக்கம் பார்க்க மாட்டார்கள். கழற்றிய பழைய சைலன்சரை அந்தப் பையன் வைத்திருக்கிறானா என்று ஒரு போன் போடுங்கள்.

சரி, போட்டி நாள். முந்தின இரவே வண்டிக்குள் இருக்கும் அத்தனை சாமானையும் எடுத்துவிடுங்கள். தரைவிரிப்பு, சார்ஜர், சில்லறை, டிக்கியில் ஸ்டெப்னி எல்லாமே. என் முதல் ஓட்டத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்திருக்கிறது. மூன்றாவது திருப்பத்தில் அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. ஐந்து கோன்களை வரிசையாகச் சாய்த்துவிட்டுத்தான் நின்றேன். கோயம்புத்தூரில் எங்கள் முதலாளி லேத்தைத் தொடுவதற்கு முன் சட்டைப் பையைக் காலி செய்யச் சொல்லுவார். அங்கே கேட்டவன் இங்கே மறந்துவிட்டேன்.

காலையில் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை நடங்கள். முதல் தடவை கூட்டத்தோடு பேசிக்கொண்டு போவீர்கள், ஒன்றும் மண்டையில் ஏறாது. கடைசித் தடவை தனியாக, கார் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்று பார்த்தால் பாதை தெளிவாக இருக்கும். மியாட்டாவில் உட்கார்ந்தால் வெறும் கோன் காடு. ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் கோலமாவு போட்டது போல வெள்ளைக் கோடு இருக்கும். கோன் நகர்ந்தாலும் நிமிர்ந்து நின்று, அடியில் கொஞ்சமாவது கோட்டுக்குள் இருந்தால் தண்டம் இல்லை. விழுந்தாலோ முழுதாக வெளியே போனாலோ இரண்டு விநாடி.

ஓட்டும்போது இரண்டாவது கியரிலேயே இருங்கள். உங்கள் வண்டியின் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 116 குதிரைசக்தி, எடை ஏறத்தாழ ஒரு டன். இரண்டாவது கியரில் ஐம்பது மைலைத் தாண்டும், பெரும்பாலான பாதைகளுக்கு அது போதும். கண் பக்கத்தில் இருக்கும் கோன் மேல் போகவே கூடாது. எதைப் பார்க்கிறோமோ அதில்தான் போய் இடிப்போம். சைக்கிள் கற்றபோது குழியைப் பார்த்துக் குழியிலேயே விழுந்தோமே, அதே கதை. அப்புறம், பயிற்றுநர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரட்டுமா என்று கேட்டால் வெட்கப்படாமல் சரி சொல்லுங்கள். என் வண்டியை அப்படி ஒருவர் ஓட்டிக் காட்டினார். அதே டயர், அதே ஷாக், பக்கத்தில் என் எடை வேறு. என்னைவிட மூன்றரை விநாடி குறைவு. அன்றைக்குத்தான் நான் பாகங்கள் வாங்குவதை நிறுத்தினேன்.

அந்த 3,000-ல் டயர், பெல்ட், ஹெல்மெட் போக மிஞ்சுவதைப் பதிவுக் கட்டணமாகச் செலவு செய்யுங்கள். ஒரு சீசனில் எட்டுப் போட்டி ஓடுங்கள். அடுத்த வருடம் என்ன மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

கேள்வி: என் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்டோகிராஸ் ஓட்டப் போனால் மாலை நாலு மணிக்குத்தான் வருகிறார். கேட்டால், மொத்தமாக ஐந்து நிமிடம்தான் ஓட்டினேன் என்கிறார். நம்பலாமா? இது ஆபத்தானதா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: நம்பலாம் அம்மா, அவர் சொல்வது உண்மைதான். ஆறு ஓட்டம், ஒவ்வொன்றும் ஐம்பது விநாடி என்றால் ஐந்தே நிமிடம்தானே? மீதி நேரத்தில் பாதி வேலை. இங்கே ஓட்டுகிற ஒவ்வொருவரும் மற்றவர்கள் ஓட்டும்போது வெயிலில் நின்று, விழுந்த கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். வேலையைத் தட்டிக்கழித்தால் அவர் ஓட்டிய நேரங்களே செல்லாது. அதனால் தொப்பியும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள். நான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவேன்.

ஆபத்து என்று பார்த்தால், சுவரும் மரமும் இல்லாத வெட்டவெளியில் தனியாக ஓடும் வண்டி. மற்ற மோட்டார் பந்தயங்களோடு ஒப்பிட்டால் இது சாது. ஆனால் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து நீங்களே படியுங்கள். நேரம் பார்க்கும் போட்டிகளில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பத்திரங்களில் ஒரு வரி இருக்கும்.

இன்னொன்று. ஒரே வண்டியை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு போட்டியிடலாம். பெண்களுக்கென்று தனி வகுப்பும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பதற்குப் பதில் ஒருநாள் நீங்களும் போய் ஓட்டிப் பாருங்கள். எங்கள் கிளையில் கணவனும் மனைவியும் ஒரே காரில் ஓட்டும் ஜோடிகள் மூன்று. மூன்றிலும் யாருடைய நேரம் குறைவு என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கேள்வி: நான் பார்த்த ஆட்டோகிராஸ் எல்லாம் மண்ணில், புழுதி பறக்க நடந்தது. நீங்கள் தார்த் தளம், கோன் என்கிறீர்களே?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் சொல்வதும் சரி. பிரிட்டனில் அந்தப் பெயர் புல்வெளியிலும் மண்ணிலும் ஓடும் பந்தயத்துக்கு. நம் ஊரிலும் அந்தப் பழக்கம்தான் வந்தது. அமெரிக்கர்கள் அதே பெயரைத் திடலில் கோன் வைத்து ஓட்டுவதற்குச் சொல்கிறார்கள். அதற்கு நெருக்கமானதை பிரிட்டனில் ‘ஆட்டோசோலோ’ என்பார்கள். விமான ஓடுதளத்தில் கார் ஓட்டுவது நமக்கும் புதிதல்ல. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் போர்க்கால ஓடுதளத்தில்தானே ஆண்டுக்கணக்கில் பந்தயம் நடந்தது.

கேள்வி: 1.8 லிட்டர் மியாட்டாவுக்கு டர்போ போடலாமா?
– ஒரு வாசகர், கலிஃபோர்னியா

பதில்: போடலாம். ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங் இரண்டிலிருந்தும் வெளியே போய்விடுவீர்கள். மேலே முதல் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: மழை வந்தால் போட்டியை ரத்து செய்துவிடுவார்களா?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: இடி மின்னல் வந்தால் நிறுத்தி வைப்பார்கள். வெறும் மழைக்கு நிறுத்த மாட்டார்கள். சக்தி குறைந்த இலேசான வண்டிக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் கொண்டாட்டம், 400 குதிரை வைத்திருப்பவர்கள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்பார்கள். பழைய மியாட்டாவின் துணிக்கூரை தைத்த இடத்தில் ஒழுகும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பழைய துண்டு ஒன்று எடுத்துப்போங்கள். கோன் பொறுக்கிவிட்டு நேராக வண்டியில் ஏறினால் ஈர ஷூ பெடலில் வழுக்கும். உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, இரண்டு அடிப்பாகத்தையும் நன்றாகத் துடைத்த பிறகு காலை உள்ளே வையுங்கள்.