கேள்வி–பதில்: நிலக்கரி நகரில் இரண்டு நாள்

கேள்வி: வியட்நாம் போகிறோம். ஹாலோங் வெறும் நிலக்கரி நகரமா, இரண்டு நாள் தங்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தாராளமாகத் தங்கலாம். ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். 1994இல் உலக மரபுரிமையான ஹாலோங் குடாவில் சுமார் 1,600 தீவுகளும் தீவுத்திட்டுகளும் உண்டு, பெரும்பாலும் சுண்ணக்கல். மழைநீர் கல்லைக் கரைத்தே சுங் சோட் போன்ற குகைகள் உண்டாயின. நம் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றிலும் நடந்தது அதுதான், ஹாலோங்கிலுள்ள கல் மட்டும் மிகப் பழையது.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் ஓடா. பெப்ரவரி, மார்ச்சில் மூடுபனி தீவுகளை மறைக்கும். ஒக்டோபர், நவம்பர் உகந்தது. படகுப் பயணத்தை முதல் நாளே வையுங்கள்; தடைப்பட்டால் மறுநாள் கைகொடுக்கும்.

குவாங் நின் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நிலக்கரிப் பாளம்போல் கறுத்து மினுங்கும் கட்டடம்; உள்ளே சுரங்க மாதிரியும் உண்டு.