10 வாரக் கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று: எந்தக் குறியீடு?

கேள்வி: மெடிக்கல் கோடிங் (நோய்களுக்குக் குறியீடு எழுதும் வேலை) படித்துக்கொண்டிருக்கிறேன். 10 வாரக் கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று என்றால் என் (N) 39.0 போடுவதா, ஓ (O) 23 போடுவதா? இலங்கை வைத்தியசாலைகளிலும் இதே குறியீடுதானா?

ஓ 23 தான், அதுவே கர்ப்ப காலத் தொற்றுக்கான குறியீடு. என் 39.0 கர்ப்பமில்லாதவர்களின், இடம் குறிப்பிடாத சிறுநீர்த் தொற்றுக்கு. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. சிறுநீரக, இனப்பெருக்க உறுப்பு நோய்களுக்கான என் (N) அத்தியாயத்தின் வாசலிலேயே, கர்ப்பத்தோடு வரும் சிக்கல்களுக்கு வேறு அத்தியாயம், அதாவது கர்ப்பம், பிரசவத்துக்கான ஓ அத்தியாயம், பார்க்கச் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் ஓ அத்தியாயத்தில் தேடுங்கள். "இந்த நோய்க்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதும் உரிமை வைத்தியருக்கு மட்டுமே உண்டு. அவர் எழுதாதவரை, நாமாக அந்த முடிவுக்கு வர முடியாது. முன்னால் நிற்பது ஆங்கில எழுத்து ஓ, பூச்சியம் அல்ல என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இலக்கம் தொற்று எங்கே என்பதைச் சொல்கிறது. சிறுநீரகம் என்றால் ஓ 23.0, சிறுநீர்ப்பை என்றால் 23.1, சிறுநீர் வெளியேறும் குழாய் (யூரித்ரா) என்றால் 23.2. வைத்தியர் இடம் குறிப்பிடாமல் பொதுவாகச் சிறுநீர்த் தொற்று என்று மட்டும் எழுதியிருந்தால் 23.4.

அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள், மலையகத்து ஹட்டனில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள், ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பான ஐ.சி.டி. 10 சி.எம். பயன்படுத்துகிறோம். அதில் இன்னும் ஓர் இலக்கம் உண்டு. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 14 வாரம் நிறையும்வரை கர்ப்பத்தின் முதல் பருவம் (ட்ரைமெஸ்டர்), அதற்கு 1. ஆகவே உங்கள் கேள்விக்கான விடை ஓ 23.41. கர்ப்ப வாரத்தைச் சொல்ல இசட் 3 ஏ.10 சேர்க்க வேண்டும். கல்ச்சர் (சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனையில் கிருமி தெரிந்து, வைத்தியரும் அதைக் குறிப்பிட்டிருந்தால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு. பெரும்பாலும் ஈ கோலை என்ற பாக்டீரியா, அதற்கு பி 96.20. ஓ 23 எப்போதும் முன்னால் நிற்கும், மற்றவை பின்னால் வரும்.

தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் ஓர் இடம் இது: 13 வாரம் 6 நாளில் தொற்றோடு வார்டில் சேர்ந்தவர் 14 வாரம் 2 நாளில் வீடு போகிறார். பருவ இலக்கம் எது? தொற்று தொடங்கிய காலமே கணக்கு, ஆகவே 1. வாரத்தையும் அனுமதித்த நாளைக் கொண்டே எழுத வேண்டும்.

இந்த ஒற்றை இலக்கத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ட்ரைமெத்தோப்ரிம் போலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்வதால் முதல் மூன்று மாதங்களில் அதைத் தவிர்க்கிறார்கள். நைட்ரோபியூரன்டோயினைப் பிரசவம் நெருங்கும்போது தவிர்க்கிறார்கள். ஒரே தொற்றுக்கு இரண்டு பெண்களுக்கு இருவேறு மருந்து ஏன் போனது என்று பின்னாளில் பார்ப்பவருக்கு அந்த இலக்கம்தான் விடை சொல்லும்.

நம் நாட்டு வைத்தியசாலைத் தாள் ஒன்றைக் கையில் எடுங்கள். "பி.ஓ.ஏ. 10+3" என்று மேலே இருக்கும், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 10 வாரம் 3 நாள் என்று பொருள். கீழே சிறுநீர் அறிக்கையில் சீழ்க் கலங்கள் "ஃபீல்ட் ஃபுல்", அதாவது நுண்ணோக்கியில் பார்த்த இடமெல்லாம் நிறைந்திருக்கும். பக்கத்தில் காய்ச்சல், இடுப்பு வலி. இதைப் பார்த்ததும் சிறுநீரகத் தொற்று என்று 23.0 போடக் கை நீளும். போடாதீர்கள். தேயிலைக் கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையில் கட்டிச் சுமந்தவளுக்கு இடுப்பு வலி வேறு காரணத்தாலும் வரும். நோயறிதலை வைத்தியர் எழுத வேண்டும். ஆய்வுகூட அறிக்கை மட்டும் இருந்து அவர் எதுவும் எழுதாவிட்டால், அவரிடம் கேட்டு எழுதி வாங்குவதுதான் நம் வேலை.

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் வார்டில் தங்கியவர்களின் நோய்க் கணக்கு ஐ.எம்.எம்.ஆர். என்ற அறிக்கையாகப் போகிறது. அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10. அதில் பருவ இலக்கம் இல்லை, ஓ 23.4 என்பதோடு நிற்கும்.

இந்தக் குறியீட்டில் எனக்குத் தனி அக்கறை உண்டு. தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலை ஏறிய பெண்களுக்குக் கொழுந்து நிறுக்கும்வரை ஒதுங்க இடமில்லை. பல மலைகளில் கழிப்பறை கிடையாது, அட்டைக்கடி வேறு. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், முட்டினாலும் அடக்கிக்கொள்வார்கள். கர்ப்பத்திலோ ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்கும். அடக்குவது அதற்கு மேல் ஒரு சுமை. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே கிருமி இருக்கவும் கூடும். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம்வரை ஏறும், குறைமாதப் பிரசவத்துக்கும் வழி செய்யும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிப் போனவர்கள் அந்த வார்டுக் கணக்கில் வருவதே இல்லை. வார்டுக்கு வந்தவர்களிலும், இரண்டாம் மாதத்தில் இன்னும் மருத்துவமாதுவிடம் பதியாதவர், கேட்டால் சொல்லக் கூச்சப்படுபவர், என் 39.0 ஆகிப் போகிறார். பிறகு தாய்மார் கணக்கில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணின் தாளில் என் 39.0 எழுதுமுன் கடைசி மாதவிடாய்த் தேதியைப் பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், குறியீட்டை நிறுத்திவைத்து வார்டில் விசாரியுங்கள்.